விவரணப்படக் கமராவும் போலி விவரணப்படமும்: உண்மைத் தோற்றத்தின் ஆக்கம் பற்றிய சில குறிப்புகள்

1

ஆங்கிலத்தில் 'மொக்கியுமென்ரரி' என வழங்கும் திரைப்பட வகையினை இக்கட்டுரையில் நாம் போலி விவரணப்படம் எனக் குறிப்பிடுவோம். புனைந்துரைக்கப்பட்ட மாந்தரையும் நிகழ்ச்சிகளையும், அவை உண்மையாகவே நிகழ்ந்துகொண்டிருக்கையில் ஒரு விவரணப்படக் குழுவினராற் பதிவு செய்யப்பட்டவை போன்று காட்டும் படமே அது. இவ்வகை பற்றி எழுதியோருட் பலர் அதன் நகைச்சுவையையும் அங்கதத்தையுமே விதந்து பேசியுள்ளனர். எமது அக்கறை அதற்கு முந்திய ஒரு வினாவைப் பற்றியது. ஒரு காட்சியைப் பார்த்தவுடன் 'இது உண்மையில் நடந்தது' என எம்மை நம்பவைக்கும் கமராக் குறிகள் எவை? அவை எங்கிருந்து பிறந்தன? அவற்றைக் கடன்வாங்கும் கலைஞன் எந்த ஒழுங்குக்குக் கட்டுப்படுதல் வேண்டும்? பார்வையாளருக்கு அவன் திருப்பிச் செலுத்தவேண்டியது யாது?

இவை கலைக்கோட்பாட்டின் எல்லைக்குள் மாத்திரம் அடங்கிவிடும் வினாக்கள் அல்ல. கல்முனையை மையமாகக் கொண்ட அம்பாறைக் கரையோரத் தமிழ்பேசும் முஸ்லிம் ஊர்கள் கடந்த இரு தசாப்தங்களில் இரண்டு வகையில் கமராவைச் சந்தித்துள்ளன. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர் அது இரக்கத்தின் கருவியாக வந்தது. 2018இல் இதே மாவட்டத்தின் தலைநகரில் அது குற்றச்சாட்டின் கருவியாயிற்று. எமது விளக்கம் அவ்விரு அனுபவங்களையும் நோக்கியே செல்லும். அதன் பொருட்டு முதலில் விவரணப்படத்தின் வரலாற்றையும் நுட்பங்களையும் சுருக்கமாக நோக்குதல் அவசியமாகின்றது.

2

விவரணப்படம் தோன்றிய காலந்தொட்டே அதனுட் புனைவு இருந்து வந்துள்ளது. இவ்வகையின் முன்னோடியாகக் கொள்ளப்படும் றொபேட் ஃபிளாஹேர்ட்டியின் 'நனூக் ஒஃப் த நோர்த்' 1922இல் வெளிவந்தது. அதிலே பனிவீட்டின் உட்புறத்தைப் படமாக்கப் போதிய வெளிச்சம் இல்லாமையால் ஒரு பக்கம் திறந்த பனிவீடு கட்டப்பட்டது. துப்பாக்கியைப் பயன்படுத்தப் பழகியிருந்த மக்கள், கமராவின் பொருட்டு ஈட்டியுடன் வேட்டையாடினர். நாயகனின் பெயர்கூட அவனது இயற்பெயர் அன்று.

எமது நாட்டைப் பற்றிய புகழ்பெற்ற விவரணப்படமான பசில் றைற்றின் 'சோங் ஒஃப் சிலோன்' (1934) இவ்விடத்து மேலும் பொருத்தமானது. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் அனுசரணையுடன் உருவான இப்படத்தின் காட்சிகள் இலங்கையிற் பதிவாயின. ஒலி லண்டன் கலையகத்திற் சேர்க்கப்பட்டது. லயனல் வென்ட் வாசிக்கும் விளக்கவுரையோ பதினேழாம் நூற்றாண்டில் றொபேட் நொக்ஸ் எழுதிய நூலிலிருந்து எடுக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் உழைக்கும் மனிதருக்குப் பதினேழாம் நூற்றாண்டின் வருணனை குரலாகின்றது. படத்தின் அழகு மறுக்கத்தக்கதன்று. ஆயினும் அவ்வழகை ஆக்கிய மூலதனம் எது என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

அக்காலத்து விவரணப்படத்தில், முக்காலியில் நிறுத்தப்பட்ட கனத்த கமராவும் எல்லாம் அறிந்த விளக்கவுரைக் குரலுமே உண்மையின் குறிகளாயிருந்தன. இன்று நாம் 'விவரணப்பாணி' என உடனே இனங்காணும் நடுங்கும் கமராவும் நேரடி ஒலியும் 1960ஐ அண்டியே தோன்றின. தோளிற் சுமக்கத்தக்க 16 மில்லிமீற்றர் கமராக்களும், அவற்றோடு ஒத்திசைந்து ஒலியைப் பதியும் 'நக்ரா' போன்ற சிறிய ஒலிப்பதிவுக் கருவிகளும் அப்போதுதான் பயன்பாட்டுக்கு வந்தன. அமெரிக்காவில் 'பிரைமரி' (1960), பிரான்சில் ஜோன் றூஷ், எட்கார் மொறான் ஆகியோரின் 'ஒரு கோடையின் குறிப்பேடு' (1961) என்பன இம்மாற்றத்தின் பயன்கள். 400 அடி கொண்ட 16 மில்லிமீற்றர்ச் சுருள் ஏறத்தாழ 11 நிமிடமே ஓடும். சுருள் முடிந்த கணத்தில் நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்தாலும் படம் அறுந்துவிடும்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு முக்கியமானது. விவரணப்பாணி என்பது உற்பத்திக் கருவிகளும் உழைப்பு நிலைமைகளும் படத்தின்மீது விட்டுச்சென்ற தழும்புகளின் தொகுதியாகும். பின்னர் அத்தழும்புகளே உண்மையின் முத்திரைகளாகக் கொள்ளப்பட்டன. உழைப்பின் சுவடு பண்டத்தின் இயல்பான குணம்போலத் தோற்றம் பெறுவது மார்க்சிய வாசகருக்குப் புதிய செய்தியன்று.

3

போலி விவரணப்படம் எடுப்போர் கடன்வாங்கும் நுட்பங்களுள் தலையாயவற்றை இனி ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலாவது, கமராவின் அறியாமை. கதைப்படத்தில் ஒருவன் கதவைத் திறந்து நுழையுமுன்னரே கமரா கதவை நோக்கிக் காத்திருக்கும். அடுத்து யார் பேசுவார் என்பது அதற்குத் தெரியும். விவரணப்படக் கமராவுக்கு வரப்போவது தெரியாது. குரல் எழுந்தபின்னரே அத்திசைக்குத் திரும்பும். அதற்குள் வாக்கியத்தின் முற்பாதி போய்விடும். முகம் மங்கலாகத் தோன்றிப் பின்னரே தெளிவுறும். ஆகவே போலி விவரணப்படத்தில் ஒளிப்பதிவாளருக்கு உரையாடலையும் நடிகரின் அசைவுகளையும் முழுமையாகச் சொல்லாது விடுதல் நற்பயன் தரும். கமராவை வேண்டுமென்றே குலுக்குதல் இத்துறையிற் பலர் விடும் தவறாகும். உண்மையான விவரணப்பட ஒளிப்பதிவாளர் கமராவை அசையாது வைத்திருக்கவே முயல்கின்றார். நடுக்கம் அம்முயற்சியின் எச்சம். முயற்சி தென்படாத நடுக்கத்தைப் பார்வையாளர் எளிதில் இனங்கண்டுகொள்வர்.

இரண்டாவது, ஒற்றைக் கமரா. இருவர் பேசுகையிற் பேசுபவர் முகமும் கேட்பவர் முகமும் மாறிமாறித் தடையின்றி வருவது கதைப்படத்தின் இலக்கணம். கமரா ஒன்றே எனின் அது இயலாது. ஒன்றில் அது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் திரும்புதல் வேண்டும். அல்லது கைவிரல், தேநீர்க் கோப்பை, யன்னல் என வேறொரு நேரத்தில் எடுத்த துண்டினால் இடைவெளியை மூடுதல் வேண்டும். இவ்விதி மீறப்படுங்கால் பார்வையாளர் காரணத்தைச் சொல்லமாட்டார். ஆனால் நம்பிக்கை தளர்ந்துவிடும்.

மூன்றாவது, தூரம். தொலைவில் நின்று நீண்ட வில்லையினால் நெருக்கிப் பார்க்கும் காட்சி, 'நான் அருகே வர அனுமதிக்கப்படவில்லை' என்று சொல்லாமற் சொல்கின்றது. இடையிற் குறுக்கிடும் தோள்களும் வாகனங்களும் அக்கூற்றுக்குச் சாட்சியாகின்றன. ஜில்லோ பொன்டெகோர்வோவின் 'அல்ஜியர்ஸ் போராட்டம்' (1966) ஒரு கதைப்படமே எனினும் இந்நுட்பத்தைக் கையாண்டமையினாற் செய்திப்படம் போன்று தோன்றியது. அதில் ஓர் அடிதானும் செய்திப்படச் சுருள் இல்லை என்னும் அறிவித்தலுடன் அது அமெரிக்காவில் வெளியிடப்பட்டமை குறிப்பிடத்தக்கது.

நான்காவது, ஒளியும் ஒலியும். கிடைக்கும் வெளிச்சத்தில் எடுப்பதனால் முகம் தெரிந்தால் யன்னல் வெளுத்துவிடும்; யன்னல் தெரிந்தால் முகம் இருண்டுவிடும். ஒலி இதனிலும் முதன்மையானது. மருதமுனைக் கைத்தறிக் கொட்டிலொன்றில் நெசவாளியை நேர்காண்பதாக வைத்துக்கொள்வோம். தறிகள் ஓடிக்கொண்டிருக்கையில் அவரது பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் தெளிவாகக் கேட்டால் அது பின்னர் சேர்க்கப்பட்டது என்பதைத் தறியொலியுடன் வாழும் எவரும் அறிவர். தறியை நிறுத்திவிட்டுப் பேசினாலோ அந்நேரத்துக்குரிய கூலியை யார் கொடுப்பது என்ற வினா எழும். ஒலித்தெளிவின் பின்னால் ஒரு பொருளாதாரம் உண்டு.

ஐந்தாவது, நேர்காணல். பேசுபவர் வில்லைக்குச் சற்று அப்பாலுள்ள கேள்வியாளரை நோக்குவார். கீழே பெயரும் பதவியும் எழுத்திற் தோன்றும். அதிகாரி மேசைக்குப் பின்னாலும் தொழிலாளி வேலைத்தலத்திலும் வைத்துப் படமாக்கப்படுவர். கேள்வி படத்தொகுப்பின்போது நீக்கப்பட்டால், கேட்டு வாங்கிய விடை தானாகவே கூறிய வாக்குமூலம் போலாகிவிடும். இதனை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்கு மீள்வோம்.

ஆறாவது, அனுமதி. விவரணப்படக் குழு ஒரு சமூகத்தினுள் நுழையும் அந்நியர் கூட்டமாகும். எங்கே நுழையலாம், எங்கே நிற்கவேண்டும் என்பதைச் சமூகமே தீர்மானிக்கின்றது. எமது ஊர்களில் அத்தகைய ஆடவர் குழு பெரும்பாலும் முன்விறாந்தையோடு நின்றுவிடும். பெண்களின் பேச்சு திரைச்சீலைக்கு அப்பாலிருந்தே கேட்கும். இவ்வூர்களைக் களமாகக் கொள்ளும் ஒரு போலி விவரணப்படத்தில் கமரா தடையின்றிச் சமையலறைவரை உலாவுமாயின் உள்ளூர்ப் பார்வையாளர் உடனே சிரித்துவிடுவர். திரைச்சீலைக்கு முன்னால் நின்றுவிட்ட கமராவோ எமது குடும்ப அமைப்பைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல் நிறையக் கூறிவிடும்.

இவையனைத்தும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. கமரா ஓர் இடத்தில், ஓர் உடலினால், ஓர் உறவுக்குள் நின்று இயக்கப்படுகின்றது. கரைவலை இழுப்பைப் படமாக்குபவர் சம்மாட்டியின் பக்கத்தில் நின்றால் வலையும் மீனும் தெரியும். கயிறு பிடிப்போர் வரிசையில் நின்றால் முன்னால் உள்ளவரின் முதுகும் மணலிற் புதையும் காலும் தெரியும். நிற்குமிடம் வர்க்க நிலைப்பாடாகவும் அமைந்துவிடுகின்றது.

4

இந்நுட்பங்களைக் கையாண்ட படங்கள் சிலவற்றை ஒப்புநோக்குதல் தகும்.

பீற்றர் வொட்கின்ஸின் 'கலோடன்' (1964), 1746ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தில் நிகழ்ந்த போரொன்றை, தொலைக்காட்சிச் செய்தியாளர் களத்தில் நின்று பதிவு செய்வதாகக் காட்டியது. தொழின்முறை நடிகரல்லாத சாதாரண மக்களே அதில் தோன்றினர். கமரா கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முந்திய போர் ஆதலால் எவரும் ஏமாறுவதற்கு இடமில்லை. ஏமாற்றம் இல்லாத இடத்திலும் நுட்பம் தன் பயனைத் தந்தது. தலைவர்களின் வரலாறாகச் சொல்லப்பட்டு வந்த போர், பட்டினியுடன் களத்துக்குக் கொண்டுவரப்பட்ட குடியானவர்களின் வரலாறாக மாறியது. அடுத்த ஆண்டில் அவர் ஆக்கிய 'த வோர் கேம்' அணுவாயுதத் தாக்குதலின் பின்னரான பிரித்தானியாவைக் காட்டியது. வெடிப்பின் அதிர்வில் கமராவும் அதிர்கின்றது. விளக்கவுரையோ 'இவ்வாறு நிகழக்கூடும்' என்னும் வாய்பாட்டிற் பேசுகின்றது. படம் உண்மைபோலக் காட்டுவதையும், மொழி அதனை நிகழக்கூடியதெனச் சொல்வதையும் ஒருங்கே பேணிய இந்நேர்மை போற்றத்தக்கது. பி.பி.சி. நிறுவனம் இதனை ஒளிபரப்பாது தடுத்து 1985இலேயே தொலைக்காட்சியிற் காட்டியது. இடைக்காலத்தில் இப்புனைவுப்படம் சிறந்த விவரணப்படத்துக்கான ஒஸ்கார் விருதையும் பெற்றிருந்தது.

வூடி அலனின் 'செலிக்' (1983) படத்தில் ஒளிப்பதிவாளர் கோர்டன் வில்லிஸ் பழைய வில்லைகளைப் பயன்படுத்தியதோடு, சுருளிற் கீறல்களும் ஏற்படுத்தப்பட்டன. றொப் றைனரின் 'திஸ் இஸ் ஸ்பைனல் டப்' (1984), இல்லாத ஓர் இசைக்குழுவின் பயணத்தைப் பின்தொடர்கின்றது. உரையாடல்கள் பெரும்பாலும் நடிகர்களால் அவ்வப்போது புனையப்பட்டமையால் கமராவின் அறியாமை அங்கே நடிப்பாக இருக்கவில்லை. அக்குழு உண்மையானதென நம்பியோரும் இருந்தனர். சிரிப்பின் கூர்மைக்கு இவை சான்றாயினும், இவற்றின் அங்கதம் பொழுதுபோக்குத் தொழிலின் எல்லையைப் பெரிதும் தாண்டவில்லை.

எமது துணைக்கண்டத்தில் மிருணாள் சென்னின் 'இன்டர்வியூ' (1971) வேறொரு வழியைக் காட்டியது. கல்கத்தா டிராம் வண்டியில் நிற்கும் இளைஞன் பார்வையாளரை நோக்கித் தன்னை அறிமுகப்படுத்துகின்றான். தான் நட்சத்திரமல்லன் என்றும், தன் பெயர் ரஞ்சித் மல்லிக் என்றும், மிருணாள் சென் தன்னைப் படமாக்குகின்றார் என்றும் கூறுகின்றான். உடனே கே. கே. மகாஜன் கமராவுடன் நிற்பது காட்டப்படுகின்றது. மட்டக்களப்புக் கூத்துமரபை அறிந்த எமக்கு இது அந்நியமன்று. களரிக்கு வரும் பாத்திரம் தான் இன்னார் எனத் தானே வரவுப்பாட்டில் அறிவித்த பின்னரே ஆட்டம் தொடங்கும். வேடம் வேடமென்று தெரிந்தும் சபையோர் கண்கலங்குவர். போலச் செய்தலை வெளிப்படையாக அறிவிப்பது கலையின் வலிமையைக் குறைப்பதில்லை என்பதற்கு இம்மரபு சான்றாகும்.

5

இனி எமது கரையோரத்துக்கு வருவோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இங்கு மாண்டனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்கள் பேரழிவைக் கண்டன. தொடர்ந்து நிவாரணமும் அதனோடு கமராவும் வந்தன. உதவி வழங்கியோருக்குக் கணக்குக் காட்டக் காட்சிகள் தேவைப்பட்டன. அழுகையும் நன்றியறிதலும் படமாக்கத்தக்க பொருள்களாயின.

இதனை எமது கலைஞர் ஒரு போலி விவரணப்படமாக எடுப்பின் நுட்பம் எவ்வாறு பயன்படும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்குவோம். கடலோரத்தில் மீனவர் ஒருவருக்கு வள்ளம் கையளிக்கப்படுகின்றது. அவர் அதனைக் கடலுக்குத் தள்ளுகையிற் கமரா பிந்திவிடுகின்றது, சட்டகம் சரிகின்றது, யாரோ ஒருவரின் குடை மறைக்கின்றது. சிறிது நேரத்தில் குழுவுக்கு மொழிபெயர்க்கும் உள்ளூர் இளைஞன், "காக்கா, இன்னொருக்காத் தள்ளட்டாம்" என்கின்றான். வள்ளம் கரையேற்றப்பட்டு மீண்டும் தள்ளப்படுகின்றது. இம்முறை கமரா முக்காலியில், சரியான இடத்தில், முன்கூட்டியே காத்திருக்கின்றது. அலை பளிச்சிடுகின்றது, காட்சி அழகாயிருக்கின்றது. விளக்கவுரை எதுவும் வேண்டியதில்லை. முதல் தள்ளலுக்கும் இரண்டாம் தள்ளலுக்கும் இடையில் கமராவின் நிலையில் ஏற்பட்ட வேறுபாடே உதவியின் அரசியலை முழுமையாக உணர்த்திவிடும். மீனவரை இழிவுபடுத்தாமல் அவரைப் பார்த்த பார்வையை நகைப்புக்குள்ளாக்குவதே இங்கு அங்கதத்தின் இலக்காகும். துயருற்றோர் சிரிப்புக்குரிய பொருளாகும் கணத்தில் இவ்வகை தன் நியாயத்தை இழந்துவிடும்.

2018ஆம் ஆண்டின் நிகழ்ச்சி வேறு தன்மையது. பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம்களின் உணவகமொன்றில், உணவிற் காணப்பட்ட ஒரு கட்டியைக் காட்டி அது சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என வாடிக்கையாளர் சிலர் குற்றஞ்சாட்டினர். சிங்களம் சரிவர விளங்காத உணவகத்தவர் ஒருவர் நெருக்குதலின் மத்தியில் அளித்த விடை கைத்தொலைபேசியிற் பதிவாகி, ஒப்புதல் வாக்குமூலமாக முகநூலிற் பரப்பப்பட்டது. உணவகமும் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாள்களில் கண்டி திகனைப் பகுதியில் வன்செயல் வெடித்தது. அவசரகாலநிலை பிரகடனப்படுத்தப்பட்டுச் சமூக ஊடகங்கள் தற்காலிகமாக முடக்கப்பட்டன. பின்னர் அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் ஆராய்ந்தபோது அக்கட்டி வெறும் மாக்கட்டி என்பது புலனாயிற்று. 2018 வன்செயல்களில் தனது தளம் துஷ்பிரயோகம் செய்யப்பட்டமைக்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது.

இக்காட்சியை எமது மூன்றாம் பகுதியின் அளவுகோல்களால் நோக்குவோம். கையிலேந்திய கருவி, இயல்பான இடம், நடிகரல்லாத மனிதர், நேரே கேட்கப்பட்ட கேள்வி, வாய்மொழியான விடை என விவரணப்படத்தின் குறிகள் யாவும் அங்கு உள்ளன. அவற்றுள் ஒன்றேனும் போலியன்று. ஆயினும் அது உணர்த்திய பொருள் முழுப்பொய். கேள்வியின் மொழிக்கும் விடையளித்தவரின் மொழிக்கும் இடையிலிருந்த பிளவும், சூழ நின்றோரின் அச்சுறுத்தலும் வாக்குமூலம் என்னும் பெயருக்குள் மறைந்துபோயின. வொட்கின்ஸின் படத்தில் எல்லாம் புனைவு. அது கூறியது உண்மை. அம்பாறைக் காட்சியில் எல்லாம் உண்மைப்பதிவு. அது கூறியது பொய். கமரா நுட்பத்துக்கும் உண்மைக்குமிடையே இயல்பான பிணைப்பு எதுவும் இல்லை என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோர் உணர்வர்.

6

முற்போக்கு அணியினர் சிலர் இவ்விடத்து ஒரு தடையை எழுப்பக்கூடும். யதார்த்தத்தைச் சித்திரிக்க வேண்டிய கலைஞன் யதார்த்தத்தின் தோற்றத்துடன் விளையாடுவது 'எதுவுமே உண்மையில்லை' என்னும் பின்நவீனத்துவ அவநம்பிக்கைக்கு வழிகோலாதா என்பதே அது. இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. எல்லாப் படங்களும் பொய்யே எனப் பழகிய சமூகம், உண்மையான கொடுமை படமாக்கப்பட்டு வரும்போது அதனையும் பொய்யென ஒதுக்கிவிடும். அது ஒடுக்குவோருக்கே வாய்ப்பாக அமையும்.

ஆயினும் எமது எடுத்துக்காட்டே இதற்கு விடையளிக்கின்றது. அம்பாறையில் உண்மை இருந்தது. மாக்கட்டி மாக்கட்டியாகவே இருந்தது. அதனை நிலைநாட்டியது ஆய்வு. காட்சியின் தோற்றம் அதற்கு இடையூறாகவே நின்றது. போலி விவரணப்படம் மறுக்கவேண்டியதும் யதார்த்தத்தை அன்று. தோற்றமே சான்றாகிவிடும் என்னும் நம்பிக்கையையே. யார் படமாக்குகின்றார், எங்கே நிற்கின்றார், யாருக்காக, சட்டகத்துக்கு வெளியே யார் நிற்கின்றார் என வினவும் பழக்கத்தை அது வளர்க்குமாயின் யதார்த்தவாதத்துக்குத் துணையாகவே அமையும்.

இதற்கு நிபந்தனைகள் இரண்டு உள. கடன்வாங்கிய நுட்பங்களின் ஒழுங்கை இறுதிவரை பேணுதல் ஒன்று. அவ்வொழுங்கு தளர்ந்தாற் பார்வையாளருக்கு வினவுவதற்கு எதுவும் எஞ்சாது. கடனை ஏதேனும் ஒரு கட்டத்தில் வெளிப்படையாக அறிவித்தல் மற்றையது. களத்தாலோ, வாய்பாட்டாலோ, டிராம் வண்டியிலிருந்து வரும் அறிமுகத்தாலோ அது நிகழலாம். அறிவிக்கப்படாத போலி, கலையின் எல்லையைத் தாண்டி ஏய்ப்பாகிவிடும். கமராவே இன்றி நடுக்கத்தையும் முகத்தையும் குரலையும் கணினியில் ஆக்கவல்ல இக்காலத்தில் இரண்டாம் நிபந்தனை மேலும் கண்டிப்பானதாகின்றது.

இத்தகைய படங்களுக்குப் பெருமூலதனம் தேவையில்லை. மகாராஷ்டிர மாநிலத்தில் விசைத்தறிகள் நிறைந்த முஸ்லிம் நகரமான மாலேகானில், உழைக்கும் இளைஞர்கள் துவிச்சக்கரவண்டியையும் மாட்டுவண்டியையும் கமராவை நகர்த்தும் சாதனங்களாக்கி, பெரும்படங்களைக் கேலிசெய்யும் படங்களை ஆக்கினர். ஃபைசா அஹ்மத் கானின் 'சூப்பர்மென் ஒஃப் மாலேகான்' என்னும் விவரணப்படம் அவர்களது முயற்சியைப் பதிவு செய்துள்ளது. தறியும் கடலும் தம் வாழ்வாகக் கொண்ட எமது ஊர்களிலும் இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. பிறர் எடுத்த படங்களில் இரங்கத்தக்கவராகவும் ஐயத்துக்குரியவராகவும் தோன்றிய மக்கள், அப்படங்களின் இலக்கணத்தைக் கற்று அதனைக் கேள்விக்குள்ளாக்கும் வாய்ப்பு அவர்களது கைகளிலேயே உள்ளது. அதற்கான நுட்ப அறிவையும் விமரிசன நோக்கையும் பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் வளர்ப்பது இத்துறையில் ஈடுபடுவோரின் உடனடிப் பணியாகும்.